கூட்டம் வேறு, உறுப்பினர் வேறு!



உங்கள் சங்கத்தின் முகநூல் பக்கத்தைப் பத்தாயிரம் பேர் பின்தொடர்கிறார்களா? மகிழ்ச்சி! அவர்களில் சந்தா கட்டியவர்கள் எத்தனை பேர்? பொதுக்குழுவுக்கு வந்து கணக்குக் கேட்பவர்கள் எத்தனை பேர்?

கடை வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பவரை எந்த வியாபாரியும் வரவில் எழுதுவதில்லை. சங்கம் நடத்துபவர்கள் மட்டும் ஏன் எழுதுகிறார்கள்?

பார்சிலோனா கால்பந்துக் கழகத்தின் கதையைப் பாருங்கள். 1899 அக்டோபரில் ஹான்ஸ் காம்பர் என்ற ஸ்விட்சர்லாந்து இளைஞர், அந்நகரப் பத்திரிகை ஒன்றில் சிறு அறிவிப்புக் கொடுத்தார். கால்பந்து ஆட விரும்புவோர் செவ்வாய் அல்லது வெள்ளி இரவு 9 மணி முதல் 11 மணிக்குள் பத்திரிகை அலுவலகத்திற்கு வரலாம் என்பதே செய்தி. அதில் இடமும், நாளும், நேரமும் இருந்தன. நவம்பர் 29 அன்று கழகம் பிறந்தது.

இன்று சமூக வலைதளங்களில் அக்கழகத்தைப் பின்தொடர்பவர்கள் கோடிக்கணக்கானோர். ஆனால் கழகத்தின் உரிமையாளர்கள் சந்தா கட்டும் உறுப்பினர்களே. அவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்குரிமையும் உறுப்பினர்களுக்கே உண்டு. பின்தொடரும் கோடிப் பேருக்கு இல்லை!

இதை மறந்தால் என்ன ஆகும்? 2020 பிப்ரவரியில் ஸ்பெயின் வானொலி ஒன்று ஒரு செய்தியை வெளியிட்டது. கழகம் பணம் கொடுத்து அமர்த்திய நிறுவனம், தலைவர் பர்த்தோமியுவைப் புகழவும், சொந்த வீரர்களையே இகழவும் வலைதளப் பக்கங்களை நடத்தியது என்பது குற்றச்சாட்டு. கழகம் அதை மறுத்தது. ஆயினும் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. மைதானத்துத் தோல்விகளும் மற்ற அதிருப்திகளும் சேர்ந்துகொள்ள, 20 ஆயிரத்திற்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கோரிக் கையெழுத்திட்டனர். அக்டோபர் 27 அன்று தலைவர் பதவி விலகினார். பின்தொடர்பவர்கள் கோடிக்கணக்கில் இருந்தும் அவருடைய நாற்காலியைக் காப்பாற்ற முடிந்ததா?

அடுத்த தேர்தலுக்கு நின்ற லபோர்த்தா, 2020 டிசம்பரில் மாட்ரிட் நகருக்கே போய், பரம எதிரியின் மைதானத்தருகே பிரம்மாண்டமான விளம்பரப் பதாகை ஒன்றை வைத்தார். அதன் படம் கைப்பேசிகள் வழியே எங்கும் பரவியது. ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. உறுப்பினர்களிடம் வாக்குக் கேட்டார். 2021 மார்ச் 7 தேர்தலில் 55 ஆயிரத்திற்கும் அதிகமானோர் வாக்களித்தனர். அவருக்குக் கிடைத்தது சுமார் 54 சதவீதம்.

இளைஞர்களே! வணிகப் பெருமக்களே! சமூக வலைதளம் ஆளை வாசல் வரை அழைத்து வரும். உள்ளே அழைத்து உட்கார வைப்பது நம் வேலை. தலைவர் பொன்னாடை பெறும் படத்தைத் தினமும் போடுவதால் ஒரு சந்தா கூடச் சேராது. சந்தா எவ்வளவு, யாரைப் பார்ப்பது, எங்கே, எப்போது என்பதைப் போடுங்கள். விசாரித்தவருக்கு அன்றே பதில் சொல்லுங்கள். சேர்ந்தவருக்கு ரசீது கொடுங்கள். வரவு செலவை உறுப்பினர் முன் வையுங்கள். சேர்ந்தவர்கள் மனநிறைவோடு நாலு பேரிடம் சொன்னால், அதைவிடப் பெரிய விளம்பரம் ஏது?

விருப்பக்குறிகளை எண்ணியது போதும். உறுப்பினர் பதிவேட்டைத் திறந்து பெயர்களை எண்ணுவோம். சங்கத்தின் உண்மையான பலம் அதில்தான் இருக்கிறது!