வீட்டு டெக்: ராத்திரியில் வைஃபை மோடத்தை அணைக்கலாமா?

கரன்ட் பில் எகிறினால், பல வீடுகளில் முதலில் திட்டு வாங்குவது வைஃபை மோடம்தான். "ராவும் பகலும் மினுக் மினுக்குன்னு எரிஞ்சுக்கிட்டே இருந்தா பில் ஏறாம என்ன செய்யும்?" என்று பெரியவர்கள் சுவிட்சை அணைத்துவிடுவார்கள். அது சரிதானா? கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

மோடம் எவ்வளவு சாப்பிடும்?

ஆயிரம் வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட். மோடம் சுமார் 10 வாட் எடுக்கிறது என்று வையுங்கள். 24 மணி நேரமும் ஓடினால் 60 நாளுக்கு 14.4 யூனிட். இரவில் 8 மணி நேரம் அணைத்து வைத்தால் மிச்சமாவது வெறும் 4.8 யூனிட்.

அதற்காக எதை இழக்கிறோம்? ஃபைபர் இணைப்போடு வரும் லேண்ட்லைன், மோடத்துக்கு கரன்ட் இல்லையென்றால் ஊமைதான். டவர் சரியாகக் கிடைக்காத வீட்டில் 'வைஃபை காலிங்' போய்விடும். வாசல் கேமராவின் எச்சரிக்கை மொபைலுக்கு வராது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் நள்ளிரவு அவசரத்துக்கு போன் இல்லாமல் போவது சின்ன விஷயமில்லை.

அப்போ யார்தான் காரணம்?

75 வாட் பழைய சீலிங் ஃபேன் தினமும் 12 மணி நேரம் சுற்றினால் 60 நாளில் 54 யூனிட். அதே இடத்தில் 30 வாட் பி.எல்.டி.சி ஃபேன் என்றால் 21.6 யூனிட்தான். 2,000 வாட் கீசர் தினமும் அரை மணி நேரம் சூடேறினால் 60 யூனிட்!

மீட்டரே சொல்லும்

உங்கள் வீட்டுக் கணக்கைப் பார்க்க எந்தக் கருவியும் வாங்க வேண்டாம். டிஜிட்டல் மீட்டரில் சின்னதாக ஒரு சிவப்பு லைட் மினுக்கும். பக்கத்தில் 3200 என்பதுபோல ஓர் எண் இருக்கும். அத்தனை முறை மினுக்கினால் 1 யூனிட் என்று அர்த்தம்.

ஒரு மினுக்கலுக்கும் அடுத்ததற்கும் எத்தனை விநாடி என்று மொபைல் ஸ்டாப்வாட்ச்சில் பாருங்கள். 3200 மீட்டர் என்றால் 1,125-ஐ அந்த விநாடியால் வகுங்கள். 10 விநாடி வந்தால், வீடு அப்போது சுமார் 112 வாட் எடுக்கிறது. வேறு எண் இருந்தால், 36 லட்சத்தை அந்த எண்ணால் வகுத்து, பிறகு விநாடியால் வகுங்கள். ஒவ்வொரு சாதனமாகப் போட்டும் அணைத்தும் பார்த்தால், எது அதிகம் இழுக்கிறது என்று தெரிந்துவிடும். மீட்டரைத் தொட வேண்டாம், பார்த்தாலே போதும்.

கரன்ட் போனால்?

மோடத்துக்கென்றே மினி யு.பி.எஸ் கிடைக்கிறது. வாங்கும் முன், மோடம் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். வோல்ட் பொருந்தாவிட்டால் மோடம் புகைந்துவிடும். ஆம்பியர் அதிகமாக இருந்தால் தப்பில்லை, குறையக் கூடாது.

அடுத்த ரீடிங் எடுக்க ஆள் வருவதற்குள், மீட்டர் முன்னால் ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்களேன்!