கடைசி வண்டிக்கே முதல் மரியாதை

நம்ம காலேஜ்ல "ரைடு போலாமா மச்சி"ன்னு வாட்ஸ்அப்ல ஒருத்தன் கேட்டா அதுக்கு ஒரே அர்த்தம்தான்: ஆழியாறு செக்போஸ்ட்டுக்கு யாரு முதல்ல போய்ச் சேர்றது. வழி, பெட்ரோல், யாரு பின்னாடி யாரு உட்கார்றதுங்கறதெல்லாம் அப்புறம். போய்ச் சேர்ந்ததும் எடுக்கற குரூப் போட்டோவைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. கிளம்பும்போது 12 வண்டி இருந்திருக்கும், போட்டோவுல 9 வண்டிதான் நிக்கும். மீதி மூணு பேர் இன்னும் வந்துகிட்டு இருக்காங்க.

நான் ஒன்றரை வருஷமா ஞாயித்துக்கிழமை காலையில கோயம்புத்தூர்ல ஒரு பழைய பைக் குழுவோட போயிட்டு இருக்கேன். எனக்குன்னு கிளாசிக் வண்டி எதுவும் கிடையாது. அப்பாவோட 2009 மாடல் ஸ்ப்ளெண்டரை எடுத்துட்டு வால் மாதிரி பின்னாடியே போறவன்தான். அதனால புல்லட் பெருமை பேசறதுக்காக இதை எழுதறேன்னு நினைக்க வேண்டாம். அவங்களுக்குக் கூட்டமா ஓட்டத் தெரியுது, நமக்குத் தெரியல. இதுதான் என் கருத்து. அவங்க வயசுல பெரியவங்க, பொறுப்பானவங்கன்னு இதுக்குக் காரணம் சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். அந்தக் குழுவுல ரொம்பப் பொறுப்பில்லாத அங்கிள் ரெண்டு பேரை எனக்கு நல்லாவே தெரியும். உண்மையான காரணம் ரொம்பச் சாதாரணமானது. அவங்க வண்டி எப்ப வேணும்னாலும் நின்னுடும்.

எந்த வண்டி எந்த நிமிஷம் நிக்கும்னு தெரியாதப்போ ஒவ்வொருத்தரும் கண்ணாடியில பின்னாடி பார்த்துகிட்டேதான் ஓட்டியாகணும். நாளைக்கு நிக்கப் போறது தன்னோட வண்டியாவும் இருக்கலாம் இல்லையா. நம்ம வண்டிகளுக்கு அந்தக் கவலை இல்ல. ஃப்யூயல் இன்ஜெக்ஷன், செல்ஃப் ஸ்டார்ட், ஏபிஎஸ் எல்லாம் இருக்கு. பட்டனை அமுக்கினா கிளம்பிடும், போய்கிட்டே இருக்கும். அதனாலேயே யாரும் திரும்பிப் பார்க்கறதில்ல.

அங்க வர்ற வண்டிகளைப் பத்தித் தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். 1955-ல மெட்ராஸ்ல தொடங்கின என்ஃபீல்டு இந்தியாவோட புல்லட். 1961-லிருந்து மைசூர் ஐடியல் ஜாவா ஃபேக்டரியில இருந்து வந்த ஜாவா, பின்னாடி அதே ஃபேக்டரியில இருந்து வந்த யெஸ்டி. அந்த ஃபேக்டரி 1996-ல மூடிட்டாங்க. 1985-ல வந்த ஆர்எக்ஸ் 100, அதுவும் 1996-லயே நின்னு போச்சு. எப்பவாவது ஒரு ராஜ்தூத் 350 வரும், வந்தா எல்லாரும் அதைச் சுத்தி நின்னுக்குவாங்க. யெஸ்டியில ரெண்டு சைலன்சர் இருக்கறதைப் பார்த்துட்டு ரெண்டு சிலிண்டர்னு பந்தயம் கட்டாதீங்க. சிலிண்டர் ஒண்ணுதான், எக்ஸாஸ்ட் போர்ட்தான் ரெண்டு. மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட்காரனே இதுல தோத்திருக்கான்.

கிளம்பறதே தனிக் கதை. பழைய புல்லட்டை ஸ்டார்ட் பண்ண முதல்ல கிக்கரை மெதுவா அமுக்கி அம்மீட்டர் முள் நடுவுக்கு வர்ற இடத்தைக் கண்டுபிடிக்கணும். அப்புறம் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடிச்சு பிஸ்டனைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கைத் தாண்ட விடணும். லீவரை விட்டுட்டு, கிக்கரை மேல கொண்டு வந்து ஒரே மிதி. அவசரப்பட்டா கிக்கர் திருப்பி அடிக்கும், முழங்கால் ஞாபகம் வச்சுக்கும். யெஸ்டியில கிக்கரும் கியர் லீவரும் ஒண்ணேதான், மிதிச்சு ஸ்டார்ட் பண்ணிட்டு முன்னாடி மடக்கினா அதுவே கியர். இதெல்லாம் முடிஞ்சு 12 வண்டியும் ஓட ஆரம்பிக்கறதுக்குள்ள பேக்கரியில ரெண்டாவது டீ வந்துடும். (கோயம்புத்தூர்ல பேக்கரி இல்லாத ரைடு கிடையாது. தேங்காய் பன் விலை ஏறினதுக்குக் கூட ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்கப் பேசியிருக்கோம்.)

இப்ப விஷயத்துக்கு வரேன். அவங்க வரிசை எப்படின்னா, முன்னாடி வழி தெரிஞ்சவர் ஒருத்தர். அவருக்கு அடுத்ததா அன்னைக்கு வந்ததுலயே மெதுவான வண்டி. கடைசியில நல்லா ஓட்டத் தெரிஞ்ச, ஸ்பேனர் பை வச்சிருக்கற ஒருத்தர். அவரைத் தாண்டி யாரும் பின்னாடி போகக் கூடாது, அவரும் யாரையும் விட்டுட்டு முன்னாடி போக மாட்டார். ஒவ்வொரு திருப்பத்துலயும் ரெண்டாவதா போறவர் ஓரமா நின்னு கையைக் காட்டுவார். கடைசி ஆள் வர்ற வரைக்கும் நின்னுட்டு, அவருக்கு முன்னாடி சேர்ந்துக்குவார். போன்ல மேப் பார்க்க வேண்டிய அவசியமே இல்ல.

மெதுவான வண்டியை ஏன் முன்னாடி விடணும்? நாம இன்ஜினியரிங் படிக்கறோம், கணக்காவே பார்ப்போம். சிக்னல்ல 12 வண்டி நிக்குது. ஒவ்வொருத்தரும் முன்னாடி இருக்கறவருக்கு 3 செகண்ட் கழிச்சுக் கிளம்பினா, 12-வது ஆள் கிளம்ப 33 செகண்ட் ஆகும். முன்னாடி போறவர் 60 கி.மீ. வேகத்துல போனா அதுக்குள்ள கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் போயிடுவார். அந்த இடைவெளியில வெறும் 200 மீட்டரைக் குறைக்கணும்னாலே கடைசி ஆள் 80-ல 36 செகண்ட் ஓட்டணும், அதுவும் முன்னாடி போறவர் 60-லயே இருந்தாத்தான். ஒரு வேகத்தடை, ஒரு மாட்டு வண்டி, கிணத்துக்கடவுல ஒரு பஸ் ஸ்டாப்புன்னு ஒவ்வொரு தடவையும் இதே கதை. கூட்டத்துல ரொம்ப வேகமா ஓட்ட வேண்டியவன் எப்பவும் கடைசியில இருக்கறவன்தான். நம்ம ரைடுல அந்த இடத்துல யாரு இருக்கா? 100 சிசி வண்டியில வர்ற ஃபர்ஸ்ட் இயர் பையன். லைசென்ஸ் வாங்கி ஆறு மாசம் ஆகியிருக்கும், பின்னாடி ஒரு ஃப்ரெண்டும் உட்கார்ந்திருப்பான்.

போன வருஷம் நம்ம ஹாஸ்டல்ல ஒருத்தன் கழுத்தெலும்பு முறிஞ்சு ஒரு செமஸ்டர் லேப் எழுத முடியாம உட்கார்ந்திருந்தது பலருக்கும் ஞாபகம் இருக்கும். நான் அந்த ட்ரிப்புக்குப் போகல. அவன் சொன்னதைத்தான் சொல்றேன், அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். விழுந்தது கூட அவனுக்குப் பெரிசாத் தெரியல. தோட்டத்துல தண்ணி பாய்ச்சிட்டு இருந்த ஒரு அக்கா ஓடி வந்து தூக்கியிருக்காங்க. முன்னாடி போன பத்து பேர்ல ஒருத்தருக்கும் அவன் இல்லைங்கறது 20 நிமிஷம் தெரியல. வியூ பாயிண்ட்ல வண்டியை நிறுத்தி எண்ணும்போதுதான் தெரிஞ்சிருக்கு. "நான் கத்தினது அவங்களுக்குக் கேக்காதுன்னு தெரியும்டா, ஆனாலும் கத்தினேன்"னான். விபத்துக்கு அப்புறம் வந்த சர்க்குலர் என்ன சொல்லிச்சு? மாணவர்கள் குழுவாக வாகனத்தில் செல்லக் கூடாது. சரி, இப்ப யாரும் குழுவாப் போறதில்ல. தனித்தனியாக் கிளம்பி, காலேஜ் கேட் தாண்டி ஒரு கிலோமீட்டர்ல சேர்ந்துக்கறாங்க. முன்னாடி இருந்த கொஞ்ச ஒழுங்கும் போச்சு.

பழைய வண்டிக் குழு இதே வால்பாறை ரோட்டுல எப்படி இறங்கறாங்கன்னு ஒரு தடவை பார்க்கணும். ஆழியாறுக்கும் மேலுக்கும் நடுவுல 40 ஹேர்பின் வளைவு. நாம பொதுவா கியரைக் குறைச்சு, ஆக்சிலேட்டரை விட்டு, இன்ஜின் பிரேக்கிங்ல இறங்குவோம். புல்லட் ஃபோர் ஸ்ட்ரோக், அதுக்கு அது சரி. ஜாவா, யெஸ்டி டூ ஸ்ட்ரோக், பெட்ரோலோட ஆயில் கலந்துதான் ஊத்தணும். ஆக்சிலேட்டரை முழுசா மூடினா பெட்ரோல் நிக்கும், பெட்ரோலோட வர்ற ஆயிலும் நிக்கும். இன்ஜின் மட்டும் இறக்கத்துல சுத்திகிட்டே இருக்கும். ரொம்ப நேரம் அப்படி வந்தா பிஸ்டன் சூடாகிப் பிடிச்சுக்கும். அதனால யெஸ்டிக்காரர் அப்பப்ப கிளட்ச்சைப் பிடிச்சு, லேசா ஆக்சிலேட்டர் கொடுத்துக் கொடுத்து வருவார். டிரம் பிரேக்கையும் சும்மா அமுக்கிட்டே வந்தா அது சூடாகி பிடிப்பு குறைஞ்சிடும். இது புல்லட்காரருக்கும் தெரியும். தெரிஞ்சதால அவருக்கு அதிகமா இடம் விட்டு வருவார். அடுத்தவன் வண்டி எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சு வச்சுக்கறதை மரியாதைன்னு நான் சொல்வேன். வேற பேரும் இருக்கலாம்.

கிணத்துக்கடவு பக்கம் ஒரு தடவை ஒரு யெஸ்டி நின்னுடுச்சு. 12 பேரும் நிறுத்தினாங்க. பிளக்கைக் கழட்டி, சிலிண்டர் ஹெட்ல ஒட்ட வச்சு, கிக்கரை மிதிச்சுப் பார்த்தா ஸ்பார்க் மங்கலா மஞ்சளா வந்தது. பாயிண்ட் கருகியிருந்தது. லேத் பட்டறை வச்சிருக்கற ஒரு பெரியவர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீங்க மெக்கானிக்கல்தானுங்களே, சொல்லுங்க பார்க்கலாம், என்ன போயிருக்கும்?"னார். கண்டென்சர்னு சொன்னேன். அது சரியான பதில். ஆனா அதை எங்க இருந்து கழட்டறதுன்னு எனக்குத் தெரியல. ஐசி இன்ஜின் பேப்பர்ல நல்ல மார்க் எடுத்தவன் நான். அவர் சிரிக்கல. ஸ்க்ரூ டிரைவரைக் கையில கொடுத்துட்டு பக்கத்துல உட்கார்ந்துட்டார். 25 நிமிஷம் ஆச்சு. யாரும் ஒரு தடவை கூட வாட்ச் பார்க்கல. கிடைக்காத ஸ்பேரை அவரே பட்டறையில கடைஞ்சு கொடுக்கறதும் உண்டு. மோட்டாரும் பம்ப்செட்டும் செஞ்ச ஊர்ல இது ஆச்சரியம் இல்ல. நாலு வருஷம் அதே ஊர்ல படிச்சுட்டு ஒரு பட்டறைக்குள்ளயும் கால் வைக்காம நாம போறதுதான் ஆச்சரியம்.

எல்லாமே அங்க அற்புதம்னு சொல்ல வரல. காலையில அஞ்சரை மணிக்கு ஆறு வண்டி சேர்ந்து உறுமினா அந்தத் தெருவுல நைட் ஷிப்ட் முடிச்சுப் படுத்தவர் நம்மளைத் திட்டத்தான் செய்வார், அது நியாயம். டூ ஸ்ட்ரோக் புகையைப் பாரம்பரியம்னு சொல்லி மறைக்க முடியாது. பின்னாடி போற எனக்குத்தான் அது முழுசாக் கிடைக்குது. 20% எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் பாகங்களைக் கெடுக்குதுன்னு புலம்பறவங்க, தங்க வண்டி விடற புகையைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. விலை இன்னொரு கொடுமை. ஆர்எக்ஸ் 100-க்கு லட்சத்தைத் தாண்டி விலை சொல்றாங்க. அதைக் கடன் வாங்கி வாங்கற ஜூனியர்களுக்கு ஒண்ணு சொல்லிக்கறேன்: 15 வருஷம் தாண்டின வண்டிக்கு ஆர்சி புதுப்பிச்சிருக்கான்னு பார்க்காம ஒரு ரூபா கொடுக்காதீங்க. பெயின்ட் பளபளப்பு போலீஸ்கிட்ட செல்லாது.

பெரிய குறை வேற. அந்தக் குழுவுல பெண்கள் ரெண்டே பேர். நம்ம கிளாஸ்ல வண்டி நல்லா ஓட்டற பொண்ணுங்க எத்தனை பேர்னு எனக்குத் தெரியும். லேடீஸ் ஹாஸ்டல் கேட் ஆறு மணிக்குத்தான் திறக்கறாங்க, ரைடு அஞ்சரைக்குக் கிளம்புது. ஆறரைக்குக் கிளம்பினா வானம் இடிஞ்சு விழாது. இதை அங்க ரெண்டு தடவை சொல்லிட்டேன். "வெயில் வந்துடுமுங்க தம்பி"ன்னு பதில். மூணாவது தடவையும் சொல்வேன்.

வேகம் வேணும்னு ஆசைப்படறது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். அதுக்கு நம்ம ஊர்லயே செட்டிபாளையத்துல காரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு. டிராக்ல எதிர்ல டேங்கர் லாரி வராது. பொள்ளாச்சி ரோட்டுல வரும். ரேஸையும் ரைடையும் ஒரே ரோட்டுல போட்டுக் குழப்பறதாலதான் ரெண்டும் கெட்டுப் போகுது.

மேனேஜ்மென்ட்டுக்கு ஒரு வேண்டுகோள். அந்த சர்க்குலரை எடுத்துட்டு, முன்னாடி ஒரு ஆள், பின்னாடி ஒரு ஆள், ஹெல்மெட் பின்னாடி உட்கார்றவங்களுக்கும் சேர்த்து, லைசென்ஸ் நகல்னு நாலு விதி போட்டு அனுமதி கொடுங்க. ஆட்டோமொபைல் கிளப் பேருக்கு இருக்கு, அவங்க பொறுப்பு எடுத்துக்கட்டும்.

செமஸ்டர் முடிஞ்ச மறுநாள் வால்பாறைன்னு இப்பவே குரூப்ல பேர் சேர்த்துட்டு இருக்காங்க. இதை எழுதற வரைக்கும் 14 பேர். யாரு லீடுங்கறதுக்கு அஞ்சு பேர் கை தூக்கியிருக்காங்க. கடைசி வண்டிக்கு ஒருத்தரும் இல்ல. என் பேரைப் போட்டுக்கோங்க. ஸ்ப்ளெண்டர், ஸ்பேனர் செட், பஞ்சர் கிட், ஒரு ஃபர்ஸ்ட் எய்ட் பாக்ஸ் இருக்கு. 100 சிசி வண்டி வச்சிருக்கற மூணு ஜூனியர்களையும் லீடுக்கு அடுத்ததா விடுங்க. அதுக்கு ஒத்துக்காத லீடுன்னா, நான் வரல.