குதிரைத்திறனும் கைப்பணமும்

பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவன்

வேகம்! இளமைக்கும் இந்தச் சொல்லுக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. காளைக்குச் சலங்கை கட்டி ரேக்ளா விட்ட பாட்டனின் பேரன்தான் இன்று பழைய கார் ஒன்றை வாங்கி அதற்கு முழங்கும் சைலன்சர் பூட்டுகிறான். அந்த ஆசையைப் பழிப்பது என் நோக்கமன்று. ஆசைக்குக் கணக்குப் பார்க்க மறந்ததால் ஓர் உழைப்பாளியின் சேமிப்பு கரைந்ததைக் கண்டவன் நான். கண்டவன் மட்டுமல்ல, அதற்குக் காரணமானவனும் நானே.

என் மாமா மகன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். இரவு பகலாக உழைத்துச் சேர்த்த பணத்தில் பழைய கார் ஒன்று வாங்க விரும்பினார். ஓட்டத்துக்குப் பெயர் போன ஒரே ரகத்தில் இரண்டு வண்டிகளைப் பார்த்தோம். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்ததன் விலை ரூ.2,10,000. மற்றதன் விலை ரூ.2,40,000. அதில் அகலச் சக்கரம், வெட்டித் தாழ்த்திய ஸ்பிரிங், பெரிய சைலன்சர், திருத்தி எழுதிய என்ஜின் கணினி எல்லாம் இருந்தன.

“மாப்ளே, நம்ம வீட்டுல நீ ஒருத்தன்தான் படிச்சவன். எதை எடுக்கலாம், சொல்லு” என்றார்.

தறிக்குடோனையே உலகமாகக் கொண்ட எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் சொல்லுக்கு இத்தனை மதிப்பா என்று நெஞ்சு நிமிர்ந்தது. சைலன்சரின் சத்தத்தில் ஏற்கெனவே மயங்கியிருந்த நான், “முப்பதாயிரம் சேத்திக் குடுத்தா ஒரு லட்சம் ரூவா வேலை சேர்ந்து வருதுங்க மச்சான்” என்றேன். அதையே வாங்கினார்.

எட்டே மாதங்கள்! தாழ்த்திய வண்டி மங்கலம் சாலையின் வேகத்தடைகளில் எல்லாம் அடி தட்டியது. ஷாக் அப்சார்பர் மாற்ற 18,000. அகல டயர் நான்குக்கு 22,000. கிளட்ச் தேய்ந்து 14,000. பதிவைப் புதுப்பிக்க வேண்டி வந்தபோது பழைய மாதிரி சைலன்சரைத் தேடிப் பூட்ட 9,000. ஆக 63,000 ரூபாய். வாங்கும்போது கூடுதலாகக் கொடுத்த முப்பதாயிரத்தையும் சேர்த்தால் 93,000. மகளின் காதுகுத்துக்கு வைத்திருந்த பணமும் அதில் போயிற்று. அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் இன்றும் சுடுகிறது.

அன்று நான் படித்த இயற்பியல் எங்கே போயிற்று? சுருள்வில்லின் சுற்றுகளைக் குறைத்தால் அதன் விறைப்பு கூடும் என்பது நமக்குத் தெரியாததா? காற்றுத் தடையை வெல்லத் தேவைப்படும் திறன், வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. உச்ச வேகம் 10 விழுக்காடு கூட வேண்டுமானால் திறன் ஏறத்தாழ 33 விழுக்காடு கூட வேண்டும். இயக்க ஆற்றலோ வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வது. மணிக்கு 80 கிலோமீட்டரில் செல்லும் வண்டி 100-ஐத் தொட்டால், அதை நிறுத்த பிரேக் உள்வாங்க வேண்டிய ஆற்றல் 56 விழுக்காடு கூடிவிடும். ஓட்டத்தைக் கூட்டியவர்களில் எத்தனை பேர் பிரேக்கைக் கூட்டினார்கள்?

இன்னொரு சான்று. இளைஞர்கள் விரும்பித் தேடும் பழைய கார்களில் 2013-இல் வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐயும் ஒன்று. அதன் என்ஜின் தரும் முறுக்கு விசை 175 நியூட்டன் மீட்டர். அதன் ஏழு கியர் பெட்டி தாங்க வடிவமைக்கப்பட்ட அளவு 250. கணினியைத் திருத்தி முறுக்கு விசையை உயர்த்தும்போது இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளி சுருங்குகிறது. வண்டியின் ஆயுள் இருப்பது அந்த இடைவெளியில்தான்.

“அப்படியானால் பந்தயக்காரர்கள் மாற்றுவதில்லையா?” என்று நண்பர்கள் கேட்கலாம். மாற்றுகிறார்கள். அந்தக் கலையில் நம் கோவைப் பக்கம் நாட்டுக்கே முன்னோடி. மாருதி 800 காரின் 796 சிசி என்ஜினை வைத்து ‘ஃபார்முலா மாருதி’ பந்தயக் காரை வடிவமைத்த கரிவர்தன் கோவைக்காரர். 1995-இல் விமான விபத்தில் மறைந்த அவர் பெயரைத்தான் செட்டிபாளையம் பந்தயத் தளம் தாங்கி நிற்கிறது. 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் நம் கோவைக்காரரே. ஆனால் பந்தயக் கார் ஓடுவது சில சுற்றுகள். அதன்பின் அதைப் பிரித்துப் பார்த்துத் தேய்ந்ததை மாற்ற ஒரு குழுவே காத்திருக்கும். பராமரிப்பை முதலிலேயே செலவில் எழுதிவிட்டுத்தான் அவர்கள் என்ஜினில் கை வைக்கிறார்கள். நாமோ அவர்களுடைய மாற்றத்தை எடுத்துக்கொண்டு கணக்கை விட்டுவிடுகிறோம்.

இதை என் தந்தையார் காரே ஓட்டாமல் அறிந்திருக்கிறார். கூலிக்கு நெய்பவர் அவர். பக்கத்துக் குடோனில் ஒருமுறை மோட்டார் புல்லியை மாற்றித் தறியின் ஓட்டத்தைக் கூட்டினார்கள். முதல் வாரம் மீட்டர் கூடியது. பிறகு பிக்கர் தேய்ந்தது, நாடா உடைந்தது, இழை அறுந்து அறுந்து தறி நின்றது. மாதக் கடைசியில் பழைய புல்லியே திரும்பி வந்தது. “ஓடற தறியப் பாக்காதே, நிக்கற நேரத்தப் பாரு” என்பார் அப்பா. கார் வாங்கப் போன அன்று அவரையல்லவா நான் கேட்டிருக்க வேண்டும்!

சட்டமும் இதில் உண்டு. உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. அதே ஆண்டில் வந்த திருத்தம், மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று உரிமையாளருக்கு விதித்தது. மாற்றியவர் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஆர்.சி. புத்தகத்தில் பெயர் ஏறியவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆகவே என் கருத்து இதுதான். பழைய காரில் இருக்கும் மாற்றம், விலையோடு கூட்ட வேண்டிய தொகையன்று; கழிக்க வேண்டிய தொகை. நல்ல டயர், புதிய பிரேக் லைனிங், காலம் தவறாத ஆயில் மாற்றத்துக்கான ரசீதுகள் ஆகியவற்றுக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம், தவறில்லை. மற்ற மாற்றங்களைப் பார்த்தால், கழற்றிய பழைய பாகங்கள் எங்கே என்று கேளுங்கள். இல்லை என்றால் அவற்றின் விலையைக் குறைத்துக் கேளுங்கள். என்ஜினின் அழுத்தத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாமல், முதல் ஆண்டுப் பராமரிப்புக்கென ஆறில் ஒரு பங்கையாவது தனியே வையுங்கள். அது முடியாதென்றால் அந்த வண்டி நமக்கு உரியதன்று.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள் ஆகப் போகிறவர்கள். நாளை உங்கள் மாமாவோ சித்தப்பாவோ, “நீ படிச்சவன், சொல்லு” என்பார். அந்த நேரத்தில் காதை மூடிக்கொண்டு பேனாவைத் திறவுங்கள். நான் செய்யத் தவறியது அதுதான்.