ஐந்தே வருடத்தில் போய்விடுமா ஹைப்ரிட் பேட்டரி?

புதுச்சேரியில் ஹைப்ரிட் கார் வாங்கப் போகிறேன் என்று வாயைத் திறந்தால் போதும், தடுக்க நாலு பேர் வந்துவிடுவார்கள். “அஞ்சு வருஷத்துல பேட்டரி போயிடும், அப்புறம் லட்சக்கணக்குல தண்டம்” என்பார்கள். அவர்கள் அடுக்கும் காரணங்களைப் பார்ப்போம்.

“வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி மாதிரிதானே?” இல்லை. இன்வெர்ட்டரில் பெரும்பாலும் இருப்பது ஈய-அமில பேட்டரி; நீண்ட மின்வெட்டில் ஒட்ட வடிந்துவிடும். ஹைப்ரிடில் இருப்பது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு அல்லது லித்தியம் அயான். அது முழுதாக நிரம்பாமலும் வடியாமலும் காரின் கணினி பார்த்துக்கொள்ளும். ஆயுள் நீடிக்கும் சூட்சுமம் அதுதான். 2 லட்சம் மைல் தாண்டிய, 2002ஆம் ஆண்டு டொயோட்டா பிரியஸ் ஹைப்ரிட் ஒன்றை அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் 2011இல் சோதித்தது. பத்தாண்டுக்கு முன் புத்தம்புது பிரியஸ் கொடுத்த மைலேஜையே ஏறத்தாழ அதுவும் கொடுத்தது. இங்கே டொயோட்டா, மாருதி, ஹோண்டா தரும் வாரன்டியே 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கி.மீ.

“தெரிஞ்சவர் வண்டி மூணே வருஷத்துல படுத்துடுச்சு.” படுத்தது பெரும்பாலும் சின்ன 12 வோல்ட் பேட்டரியாக இருக்கும். கணினியையும் ரிலேக்களையும் எழுப்புவது அதுதான். அது செத்தால் ‘ரெடி’ விளக்கே எரியாது; பழி பெரிய பேட்டரி மேல் விழும்.

“நம்ம வெயிலுக்குத் தாங்காது.” இதில் பாதி உண்மை. சூடுதான் பேட்டரிக்கு முதல் எதிரி. அதனால்தான் குளிரூட்ட மின்விசிறி வைத்திருக்கிறார்கள். பல மாடல்களில் அது காற்றை இழுப்பது பின்சீட் ஓரத்துத் துவாரம் வழியாக. அதன்மேல் பையையும் போர்வையையும் அடுக்கி, பில்ட்டரில் தூசு படிய விட்டு, கத்திரி வெயிலில் கடற்கரைச் சாலையில் நிறுத்தினால் பேட்டரி வேகத்தான் செய்யும். துவாரத்தைத் திறந்து வையுங்கள். சர்வீஸுக்கு விடும்போது பில்ட்டரைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

“கொஞ்சமா ஓட்டினா நிறைய நாள் வரும்.” நேர்மாறு. பிரான்ஸில் குடியிருந்து விடுமுறைக்கு மட்டும் ஊர் திரும்பும் குடும்பங்கள் இங்கு ஏராளம். மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் கார் தானாகவே சார்ஜ் இழக்கும். சில மாதங்களுக்கு ஒருமுறையாவது அரை மணி நேரம் ஓட்டும்படி டொயோட்டா கையேடே சொல்கிறது. சாவியை உறவினரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

“போனா மொத்தமா மாத்தணும்.” முழு பேக் விலை அதிகம்தான். ஆனால் கெடுவது பலமுறை பேக்கின் உள்ளே இருக்கும் ஓரிரு மாட்யூல்கள், அதாவது சிறு தொகுதிகள்தான். அவற்றை மட்டும் மாற்றும் கடைகளும் உண்டு. ஆனால் பழையதோடு புதியது சேர்ந்தால் சமநிலை தவறி, அடுத்த மாட்யூல் சீக்கிரம் விழலாம். அதனால் இது தற்காலிக வழிதான்.

பழைய ஹைப்ரிட் வாங்குகிறீர்களா? வயதையும் கிலோமீட்டரையும் மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சர்வீஸ் பதிவேட்டையும் பேட்டரி ஸ்கேன் அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் வண்டியை விட்டுவிடுங்கள்.