வால் போனால் என்ன?

தேவாரத்தில் ஒரு பிளஸ் ஒன் மாணவி, அண்ணனின் பழைய லேப்டாப்பில் தன் முதல் சி பிளஸ் பிளஸ் புரோகிராமை நோட்பேடில் அடிக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘வணக்கம்.சிபிபி’ என்று பெயர் வைத்துச் சேமிக்கிறாள். கம்பைலர் ஏற்க மறுக்கிறது. வரிக்கு வரி பார்க்கிறாள். ஓர் அரைப்புள்ளிகூட விடுபடவில்லை. ‘நமக்கு இது வராது போல’ என்று மூடி வைத்துவிடுகிறாள்.

தப்பு அவளிடம் இல்லை, கோப்பின் வாலில்! நோட்பேட் சில நேரம் பெயருக்குப் பின்னால் ‘.டிஎக்ஸ்டி’ என்று இன்னொரு வாலை ஒட்டிவிடும். விண்டோஸ் அதைக் கண்ணில் காட்டாமல் மறைத்தும் வைத்திருக்கும்.

ஹார்லிக்ஸ் பாட்டிலில் துவரம்பருப்பு இருப்பது அம்மாவுக்குத் தெரியும். புதிதாக அடுக்களைக்கு வருபவர் லேபிளைத்தான் நம்புவார். கம்பைலரும் அப்படித்தான். 1987-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்ட ஜிசிசி கம்பைலர், கோப்பைத் திறக்கும் முன்பே வாலைப் பார்த்து மொழியை முடிவு செய்துவிடும். ‘.சிபிபி’ என்றால் சி பிளஸ் பிளஸ். வாலில் சின்ன எழுத்து சி இருந்தால் சி மொழி. அதே எழுத்து பெரிதாக இருந்தால் சி பிளஸ் பிளஸ். தெரியாத வால் என்றால், அது புரோகிராமே இல்லை என்று ஒதுக்கிவிடும்.

இதற்காகவே கட்டளையில் ஒரு வசதி வைத்திருக்கிறார்கள்: ‘-எக்ஸ்’. கோப்பின் பெயருக்கு முன்னால் ‘-எக்ஸ் சி++’ என்று சேர்த்தால், ‘வால் எதுவானாலும் இது சி பிளஸ் பிளஸ்தான்’ என்று பொருள். கம்பைலர் மறுபேச்சின்றி வேலையைத் தொடங்கும். ஒரு கவனம்: அதற்குப் பின்னால் வரும் எல்லாக் கோப்புகளுக்கும் இந்த உத்தரவு பொருந்தும். நிறுத்த வேண்டுமானால் ‘-எக்ஸ் நன்’ என்று கொடுக்க வேண்டும்.

இதில் தமிழுக்கும் ஒரு லாபம் உண்டு. முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ என்ற தமிழ் நிரல் மொழியில் கட்டளைகள் தமிழில் இருந்தாலும், கோப்பின் வால் ‘என்’ என்ற ஆங்கில எழுத்துதான். ஆனால், லினக்ஸில் ‘வணக்கம்.நிரல்’ என்று முழுக்கத் தமிழிலேயே பெயர் வைத்து, ‘-எக்ஸ்’ சேர்த்து ஜிசிசியிடம் கொடுத்தால் அது முகம் சுளிக்காது.

வீட்டில் யாராவது முதல் புரோகிராமோடு மல்லுக்கட்டினால், விண்டோஸ் கோப்புறையின் ‘வியூ’ பகுதியில் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதை டிக் செய்யச் சொல்லுங்கள். மறைந்திருக்கும் வால் வெளியே வரும். போன நம்பிக்கையும் திரும்பி வரும்.