அட்டெண்டன்ஸ் நோட்டை விரிங்க சார்

“இவனுக்கு மண்டையில ஏறலயாம் எய்யா. டியூசன் வையின்னு சொல்லுதாவ.”

ஆழ்வார்குறிச்சிப் பக்கம் ஒரு காலனி வீட்டில், மடியில் இருந்த பீடித் தட்டை இறக்காமலே அந்தம்மா சொன்னாங்க. பையன் ஒன்பதாம் வகுப்பு. கணக்கில் 11, இங்கிலீசில் 9. எட்டாவது வரை நன்றாகப் படித்தவன்.

டியூசன் எங்கே நடக்கிறது? ஊர்த்தெருவில். இருட்டின பிறகு அந்தத் தெரு வழியாக எங்கள் பையன் சைக்கிளை உருட்டிக்கொண்டு திரும்ப வேண்டும். இது யோசனை சொன்ன வாத்தியாருக்குத் தெரியாதா?

மார்க்கை விட்டுவிட்டு, எத்தனை நாள் பள்ளிக்கூடம் போகவில்லை என்று கேட்டேன். வாரத்துக்கு இரண்டு நாள் வயிற்றுவலி என்று படுத்துவிடுகிறானாம். அவனைத் தனியாக ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய் ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்த பிறகுதான் வாயைத் திறந்தான். கையில் கலர் கயிறு கட்டிய மூன்று பேருக்கு வீட்டுப்பாடம் எழுதுவது இவன்தான். மூன்று கையெழுத்தில். இவன் நோட்டு வெறுமையாகக் கிடக்கிறது. மண்டையில் ஏறாதவன்!

நாங்குநேரியை அதற்குள் மறந்துவிட்டோமா? பிளஸ் டூ படித்த தலித் மாணவன், சக மாணவர்களின் கொடுமை தாங்காமல் பள்ளிக்குப் போவதையே நிறுத்தினான். விசாரித்தபோது நடந்ததைச் சொன்னான். 2023 ஆகஸ்ட் 9 இரவு வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. அந்தப் பையன்தான் 2024இல் 600க்கு 469 எடுத்தான். மண்டையிலா கோளாறு? அதே ஆண்டு ஜூனில் நீதிபதி சந்துரு குழு கயிறு, சாதி அடையாளங்களைத் தடை செய்யச் சொன்னது. உடனே நெற்றிப் பொட்டுக்கு ஆபத்து என்று கூச்சல் போட்டார்கள்.

எட்டாவது வரை ஃபெயிலாக்க முடியாது. ஒன்பதாவதில் ‘டி.சி. வாங்கிக்கோங்க’ என்று நைசாகக் கழற்றிவிடலாம். அப்போதுதானே பத்தாம் வகுப்பில் நூறு சதவீதம் என்று வாசலில் பேனர் கட்ட முடியும்.

நம்ம தோழர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அம்பேத்கர் பிறந்தநாளுக்கு நோட்டு கொடுத்து போட்டோ எடுப்போம். அந்த நோட்டில் யார் வீட்டுப்பாடம் எழுதப்படுகிறது என்று ஒருநாளும் புரட்டிப் பார்த்ததில்லை. நானும்தான்.

திங்கட்கிழமை நாலு பேராகப் பள்ளிக்குப் போனோம். ஹெச்.எம். மார்க் ஷீட்டை நீட்டினார். “அது இருக்கட்டும் சார், அட்டெண்டன்ஸ் நோட்டை விரிங்க” என்றோம். அவன் பேருக்கு நேரே சிவப்பு மையில் வரிசையாக ‘ஏ’. ஏன் என்று ஒருத்தர் கேட்டதில்லை. பையனை எல்லார் முன்னாலும் நிற்கவைத்து, ‘யாருன்னு காட்டுலே’ என்று கேட்கக்கூடாது, பெஞ்சை மாற்ற வேண்டும், சாயங்காலப் பாடத்தைக் காலனிக்கே வந்து நடத்த வேண்டும், டி.சி. பேச்சே கூடாது. எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்தும் வாங்கியிருக்கிறோம்.

அடுத்த மாதமும் ‘ஏ’ விழுந்தால் மறுபடி வருவோம். நாலு பேராக வரமாட்டோம்.