நிலத்துக்கும் தண்ணிக்கும் ஒரே நாயா?

"இது ஆல்ரவுண்டர் சார். தரையிலும் ஓடும், தண்ணியிலும் நீந்தும், வீட்டையும் காக்கும்." ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நாய்க்குட்டி விற்கிற யாரிடம் போனாலும் இந்தப் பாட்டுதான். கேட்பவர் மயங்கி, இரண்டு அறையும் ஒரு பால்கனியும் உள்ள வீட்டுக்கு லேப்ரடார் குட்டியைத் தூக்கி வந்துவிடுகிறார்.

இன்னொரு கோஷ்டியும் உண்டு. "நம்ம ராஜபாளையத்துக்கு முன்னாடி வெள்ளைக்காரன் நாய் நிக்குமா? தண்ணி என்ன, நெருப்புலயே குதிக்கும்" என்று மீசையை முறுக்குகிறவர்கள். 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகிய பெயர்களைச் சொன்ன பிறகு இவர்கள் குரல் இன்னும் ஓங்கிவிட்டது.

இரண்டு பேர் சொல்வதும் பொய் என்பது என் கட்சி. அந்தப் பொய்க்கு விலை கொடுப்பது நாய்.

முதலில் லேப்ரடார். இன்று பணக்கார வீட்டு நாய் என்று பெயர் வாங்கியிருக்கும் இதன் முன்னோர், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவு மீனவர்களின் நாய்கள். தூண்டிலிலிருந்து நழுவிய மீனைக் கவ்வி வருவது, வலைக் கயிற்றை இழுத்து வருவது அவற்றின் வேலை. நம்ம காசிமேடு போல ஒரு குப்பத்து நாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 19ஆம் நூற்றாண்டில் அவை கப்பலேறி இங்கிலாந்து போயின. மால்ம்ஸ்பரி, பக்லூ பிரபு குடும்பங்கள் அவற்றை வளர்த்து, சுட்டு வீழ்த்திய பறவையை எடுத்துவரப் பழக்கின. 1903இல் இங்கிலாந்து கென்னல் கிளப் லேப்ரடாரைத் தனி இனமாக ஏற்றது.

அந்த உடம்பைப் பாருங்கள். உள்ளே பஞ்சு போல் அடர்ந்த ரோமம். அதன் மேல் எண்ணெய்ப் பசையுள்ள குட்டை ரோமம். தண்ணீர் சீக்கிரத்தில் தோலைத் தொடாது. சுக்கான் மாதிரி தடித்த வால். சில்லிடும் கடலுக்காகத் தைத்த கம்பளிச் சட்டை அது. அதைப் போட்டபடி மே மாதத்தில் திருவொற்றியூர் மொட்டை மாடியில் கட்டிக் கிடந்தால் என்ன ஆகும்? நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தள்ள வேண்டும். நம் கடலோரப் புழுக்கத்தில் அதுவும் சரியாக நடக்காது.

இப்போது மீசை முறுக்குகிறவர்களிடம் வருகிறேன். சிப்பிப்பாறை, கன்னி இரண்டும் தென்மாவட்டக் கரிசல் காட்டு நாய்கள். ஒட்டிய வயிறு, ஆழமான மார்பு, நீண்ட கால், மெல்லிய தோல், கொழுப்பே இல்லாத உடம்பு. வெட்டவெளியில் முயலைக் கண்ணால் பார்த்துத் துரத்திப் பிடிக்கவே பிறந்தவை. தண்ணீரில் மிதக்கக் கொழுப்பு வேண்டும், குளிர் தாங்க உள்ரோமம் வேண்டும். இரண்டும் இவற்றிடம் இல்லை. அதில் என்ன குறை? கண்மாய் வற்றிக் கிடக்கும் சீமையில் தண்ணீரில் இறங்கும் நாய் எவருக்குத் தேவைப்பட்டது? தேவைப்படாததை எவரும் வளர்க்கவில்லை. குதிரையைப் பார்த்து "ஏன் பால் கறக்கவில்லை" என்று கேட்பது எவ்வளவு அபத்தமோ, "கறக்கும்" என்று சத்தியம் செய்வதும் அவ்வளவு அபத்தம்.

"எல்லா நாயும் நீந்தும் சார்" என்பார்கள். பெரும்பாலான நாய்கள் தத்தளித்துக் கரை சேரும், உண்மை. ஆனால் தண்ணீரில் வேலை செய்வது வேறு. நாணலுக்குள் விழுந்த வாத்தை மோப்பத்தால் தேட வேண்டும். பல் படாமல் மெல்லக் கவ்வ வேண்டும். எஜமான் கண்ணுக்குத் தெரியாத தூரத்திலும் சொல் கேட்க வேண்டும். நடுங்கிக்கொண்டு கரையேறிய பிறகும், "போ" என்றால் மறுபடி இறங்க வேண்டும்.

அப்படியானால் நிலத்திலும் நீரிலும் வேலை செய்யும் நாயே கிடையாதா? உண்டு. ஜெர்மனியில் உண்டு. அது எப்படி உருவானது என்பதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. பிரபுக்கள் மட்டுமே வேட்டையாடிய காலத்தில் வேலைக்கு ஒரு நாய் வைத்திருந்தார்கள்: பறவையைக் காட்ட ஒன்று, எடுத்துவர ஒன்று, ரத்தத் தடம் பிடிக்க ஒன்று. 1848 புரட்சிக்குப் பிறகு சாதாரண நிலக்காரனுக்கும் வேட்டை உரிமை கிடைத்தது. அவனால் பத்து நாய்க்குக் கஞ்சி ஊற்ற முடியுமா? ஒரே நாய் எல்லாம் செய்தாக வேண்டும் என்றான். கட்டைக் கம்பி போன்ற ரோமமுள்ள டிராட்ஹார் நாய்க்கு 1902இல் சங்கமே ஏற்பட்டது. அங்கே இன்றைக்கும் விதி என்ன தெரியுமா? வயல், தண்ணீர், மோப்பம் எல்லாவற்றிலும் தேர்வு வைப்பார்கள். தேறாத நாயைக் குட்டி போட விடமாட்டார்கள். அப்பன் சாம்பியன், தாத்தா சாம்பியன் என்ற பேச்செல்லாம் அங்கே எடுபடாது.

ரோமமும் வாலும் கருவிகள்தான். தலைமுறை தலைமுறையாக வேலை வாங்கி, தேறியதை மட்டும் பெருக்கியதுதான் அந்த நாயைச் செய்தது. நம்ம ஊரில் நடப்பது என்ன? ஒரு காகிதத்தைக் காட்டுகிறார்கள். காகிதம் நாயின் பரம்பரையைச் சொல்லும், திறமையைச் சொல்லாது. தாய் நாயை எத்தனை பேர் பார்த்துவிட்டுக் குட்டி வாங்குகிறார்கள்? வருஷம் தவறாமல் குட்டி போட்டு எலும்பும் தோலுமாகக் கூண்டில் கிடக்கும் தாயைப் பார்த்தால் பாதிப் பேர் வாங்கவே மாட்டார்கள். தூய வெள்ளை வேண்டும் என்பதற்காகவே பெருக்கிய ராஜபாளையத்தில் காது கேளாத குட்டிகள் பிறப்பது தெரிந்த விஷயம். நிறத்துக்கு விலை வைத்தோம், காதைப் பறிகொடுத்தோம்.

இன்னொன்றும் கேட்கிறேன். வேட்டை நாய் வாங்கி எதை வேட்டையாடப் போகிறீர்கள்? 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு முயல் பிடித்தாலும் வழக்கு. சரி, நீந்தவாவது விடலாம் என்றால் எந்தத் தண்ணீரில்? கொசஸ்தலையாற்றில் அனல்மின் நிலையச் சாம்பல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் பரவிய எண்ணெயை நம் மீனவர்கள் கையாலும் வாளியாலும் அள்ளினார்கள். கூழைக்கடா சிறகெல்லாம் கறுத்து நின்றதை மறந்துவிட்டோமா? மீனுக்கே ஆகாத தண்ணீரில் இறங்க எந்த இனத்தை இறக்குமதி செய்வீர்கள்?

இத்தனைக்கும் இந்த மண்ணுக்கும் கடலுக்கும் தேறிய நாய் நம் கண்ணெதிரே படுத்திருக்கிறது. காசிமேட்டில் ஐஸ் பெட்டி நிழலில், ஃபைபர் படகுக்கு அடியில், வெயிலில் வேகாமல், உப்புக் காற்றிலும் தாக்குப்பிடிக்கும் தெரு நாய். அதற்குக் காகிதம் கிடையாது. பரீட்சை வைத்தது இந்த ஊர். அதை வாத்து எடுத்துவரச் சொன்னால் செய்யாது. நமக்கு அது வேண்டவும் வேண்டாம். இரவில் அந்நியன் வந்தால் குரைக்கும், அது போதும். வெறிநாய்த் தடுப்பூசி, கருத்தடை, ஒரு வேளைச் சோறு. குட்டிக்குக் கொடுக்கும் பல ஆயிரத்தில் இதற்கு எத்தனை பங்கு ஆகும்?

அப்படியும் ஜாதி நாய்தான் வேண்டும் என்றால், விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். தாய் எங்கே? அது இதுவரை என்ன வேலை செய்திருக்கிறது? இந்தப் புழுக்கத்தில் பகல் முழுக்க அது எங்கே படுக்கும்? மூன்றில் ஒன்றுக்குப் பதில் வராவிட்டாலும் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு வீடு திரும்புங்கள்.